‘படிப்பு ஏறாது’ என்கிற தீர்ப்பு: வாசிப்புச் சிக்கலும் ஆசிரியர் பயிற்சியும்

1

சாட்சி, விசாரணை, மேல்முறையீடு எதுவும் இல்லாமல் நம் பள்ளிக்கூடங்களில் வழங்கப்படும் தீர்ப்பு ஒன்று இருக்கிறது: ‘இவனுக்குப் படிப்பு ஏறாது சார்.’ இரண்டாம் வகுப்பிலோ மூன்றாம் வகுப்பிலோ இது சொல்லப்பட்டுவிடுகிறது. அதன்பிறகு அந்தப் பிள்ளை கடைசி பெஞ்சுக்குப் போகிறது. கரும்பலகை துடைக்கவும் டீ வாங்கிவரவும் பயன்படுகிறது. எட்டாம் வகுப்பு வரை தேர்ச்சி பெற்றுக்கொண்டே வந்து ஒன்பதாம் வகுப்பில் காணாமல் போகிறது. வீட்டில் கேட்டால், ‘அவன் மண்டையில ஏறலைங்க, நாங்க மட்டும் என்ன படிச்சவங்களா’ என்பார்கள். தண்டிக்கப்பட்டவர்களையே தீர்ப்பை வழிமொழிய வைப்பதில்தான் கல்வி என்கிற நிறுவனத்தின் வெற்றி இருக்கிறது.

இதே பிள்ளை சென்னையில் கட்டணம் கட்டிப் படிக்கும் ஓர் ஆங்கிலவழிப் பள்ளியில் இருந்தால் கதை வேறு. பெற்றோர் உளவியலாளரிடம் அழைத்துப் போவார்கள். நான்கைந்து சோதனைகளுக்குப் பிறகு ‘டிஸ்லெக்ஸியா’ என்று ஒரு பெயர் கிடைக்கும். பெயர் கிடைத்ததும் சான்றிதழ், தனி ஆசிரியர், தேர்வில் கூடுதல் நேரம் எல்லாம் வரிசையாக வரும். ஐன்ஸ்டீனுக்கும் இப்படித்தான் இருந்ததாமே என்று (ஆதாரம் எதுவும் இல்லாமலேயே) ஆறுதல் சொல்ல உறவினர்களும் வருவார்கள். ஒரே சிக்கல்தான். ஓரிடத்தில் அதன் பெயர் மக்கு, இன்னோரிடத்தில் டிஸ்லெக்ஸியா. எந்தப் பெயர் யாருக்கு என்பதை மூளை தீர்மானிப்பதில்லை. சாதி, வர்க்கம், பயிற்றுமொழி ஆகியவற்றின் கூட்டுக்கணக்கு தீர்மானிக்கிறது.

இந்தக் கணக்கை உடைக்கக்கூடிய இடம் எது? மருத்துவமனை, நீதிமன்றம், சட்டமன்றம் எல்லாவற்றுக்கும் முன்னால் அது வகுப்பறையில் நிற்கும் ஆசிரியர். அவருக்கு என்ன தெரியும், என்ன கற்றுக்கொடுக்கப்பட்டிருக்கிறது, என்ன கற்றுக்கொடுக்கப்படவில்லை என்பதுதான் இங்கே நம் பேச்சு.

டிஸ்லெக்ஸியா என்றால் என்ன என்பதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சொற்களைச் சரியாகவும் தடையில்லாமலும் வாசிப்பதிலும், பிழையின்றி எழுதுவதிலும் ஏற்படும் நீடித்த சிக்கல் அது. கண் கோளாறு அல்ல. சோம்பலும் அல்ல. அறிவுத்திறனுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. பேச்சில் ஓடும் ஒலிகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பிடித்து எழுத்தோடு இணைக்கிற வேலை இந்தப் பிள்ளைகளுக்குக் கடினமாக இருக்கிறது என்பதுதான் பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கும் விளக்கம். குடும்பவழியாக வருவதும் உண்டு. இதற்கு மாத்திரை கிடையாது. கண்ணாடி மாட்டியும் போகாது. கற்பிக்கும் முறைதான் மருந்து. அப்படியானால் மருத்துவர் யார்? ஆசிரியர்தான். ஆனால் இந்தப் பெயரின் வரலாற்றில் ஆசிரியருக்குக் கிடைத்த இடத்தைப் பாருங்கள்.

2

‘டிஸ்லெக்ஸியா’ என்ற சொல்லை 1887இல் உருவாக்கியவர் ருடால்ஃப் பெர்லின் என்ற ஜெர்மன் கண் மருத்துவர். மூளை பாதிக்கப்பட்டு வாசிக்கும் திறனை இழந்த பெரியவர்களைப் பற்றி அவர் பேசிக்கொண்டிருந்தார். பிள்ளைகளுக்கு இது பிறவியிலேயே இருக்கலாம் என்பதை 1896இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதியவர் பிரிங்கிள் மார்கன் என்ற மருத்துவர். பெர்ஸி என்ற பதினாலு வயதுப் பையனைப் பற்றிய சின்னக் குறிப்பு அது. அதில் ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. பாடமெல்லாம் வாய்மொழியாகவே நடத்தப்பட்டால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவனாகத்தான் இருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதாக மார்கன் பதிவு செய்கிறார். முக்கியமான அவதானிப்பு இதுதான். பல வருடங்கள் அந்தப் பையனோடு பழகியவருக்குத்தான் அது தெரியும். ஆனால் அந்த ஆசிரியரின் பெயர் அந்தக் குறிப்பில் இல்லை. ஆசிரியரின் அறிவு மருத்துவரின் கட்டுரைக்குள் ஒரு வரியாகக் கரைந்துபோனது.

1920களில் அமெரிக்காவில் சாமுவேல் ஆர்ட்டன் என்ற நரம்பியல் மருத்துவர் இதை ஆராய்ந்தார். அவரோடு வேலைசெய்த அன்னா கில்லிங்ஹாம், பெஸ்ஸி ஸ்டில்மன் என்ற இரண்டு பெண்கள் 1930களில் ஆசிரியர்களுக்கான கையேட்டை எழுதினார்கள். ஒலி, எழுத்து, கை அசைவு மூன்றையும் சேர்த்து, எளியதிலிருந்து அரியதற்குப் படிப்படியாகப் போகும் முறை. இன்றைக்கும் உலகம் முழுக்கச் சிறப்பு ஆசிரியர் பயிற்சிகளுக்கு அடித்தளமாக இருப்பது இதுதான். முறையின் பெயர் என்ன? ‘ஆர்ட்டன் - கில்லிங்ஹாம் முறை’. மருத்துவர் முதலில். கில்லிங்ஹாம் இரண்டாவது. வகுப்பறை ஆசிரியரான ஸ்டில்மன் பெயரிலேயே காணோம்.

பெயர் யாருக்குப் பொருந்தும் என்பதை வரையறுத்ததிலும் அரசியல் இருக்கிறது. 1968இல் உலக நரம்பியல் கூட்டமைப்பு தந்த வரையறையின்படி, வழக்கமான கற்பித்தல், போதுமான அறிவுத்திறன், போதுமான சமூக-பண்பாட்டு வாய்ப்பு இவையெல்லாம் இருந்தும் வாசிக்க வராமல் போவதுதான் டிஸ்லெக்ஸியா. இதைத் திருப்பிப் போட்டு வாசியுங்கள். வாய்ப்பு இல்லாத வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு இந்தப் பெயரே பொருந்தாது! அதற்கு வாசிக்க வராததன் காரணம் வறுமை என்று எழுதி முடித்துவிடலாம். ஏழைப் பிள்ளைக்கு மூளைச் சிக்கல் ஏற்படுவதற்கான உரிமைகூட மறுக்கப்பட்டது. முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வரும் தலித் பிள்ளைக்கு வறுமையும் இருக்கலாம், டிஸ்லெக்ஸியாவும் இருக்கலாம், இரண்டும் ஒன்றை ஒன்று மோசமாக்கலாம் என்ற எளிய உண்மைக்கு அந்த வரையறையில் இடமில்லை.

அறிவுத்திறனுக்கும் வாசிப்புக்கும் இடையே பெரிய இடைவெளி இருந்தால்தான் டிஸ்லெக்ஸியா என்ற கணக்கு ரொம்ப நாள் கோலோச்சியது. அறிவுச் சோதனையில் அதிகம் எடுத்தவர், குறைவாக எடுத்தவர் இருவருக்குமே வாசிப்பில் தடுக்குகிற இடம் ஒன்றுதான், இருவருக்கும் ஒரே வகைக் கற்பித்தல்தான் உதவுகிறது என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. 2004இல் அமெரிக்கச் சட்டம் இந்த இடைவெளிக் கணக்கைக் கட்டாயமாக்கக்கூடாது என்றது. 2013இல் வந்த அமெரிக்க உளமருத்துவக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பும் அதைக் கைவிட்டது.

3

நம் நாட்டுக்கு வருவோம். 1990களின் தொடக்கத்தில் சென்னையில் பெற்றோர்களும் ஆர்வலர்களுமாகச் சேர்ந்து மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷனைத் தொடங்கினார்கள். அரசு இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காத காலத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தவர்கள் என்ற வகையில் அவர்களுடைய உழைப்பு பெரிது. 2007இல் வந்த ‘தாரே ஜமீன் பர்’ என்ற இந்திப் படம் இந்தச் சொல்லை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தது. ஆனால் அந்தப் படம் ஆசிரியரைப் பற்றி என்ன சொன்னது? நல்ல மனசு இருந்தால் போதும் என்றது. மும்பையின் நடுத்தர வர்க்கப் பையன், விடுதிப் பள்ளி, அவனைப் போலவே சிறுவயதில் தவித்த ஓவிய ஆசிரியர். பையன் வாசிக்கக் கற்றுக்கொள்கிற நீண்ட, சலிப்பான, தினசரி உழைப்பு ஒரு பாட்டுக்குள் முடிந்துவிடுகிறது. அந்தப் பாட்டுக்குள் போனதுதான் ஆசிரியர் பயிற்சி. அன்பு தேவைதான், யார் இல்லேன்னது? அன்பு மட்டும் இருந்தால் ‘கொ’வை ‘கெ’ என்று வாசிக்கிற பிள்ளைக்கு அடுத்த நாள் என்ன சொல்லித்தருவது என்று தெரிந்துவிடுமா?

2016இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ‘குறிப்பிட்ட கற்றல் குறைபாடு’களை முதல்முறையாகச் சட்டப் பட்டியலில் சேர்த்தது. பிள்ளைகளிடம் இதைச் சீக்கிரமே கண்டறிந்து தக்க கற்பித்தல் நடவடிக்கைகளை எடுக்க வேண்டும் என்று கல்வி நிறுவனங்களுக்குக் கடமை விதித்தது. ஆனால் 2018 ஜனவரியில் வெளியான மதிப்பீட்டு வழிகாட்டுதல்கள் குழந்தை மருத்துவர், உளவியலாளர் என்று படிகளை வைத்தன. நுண்ணறிவு ஈவு 85க்கு மேல் இருந்தால்தான் அடுத்த கட்டச் சோதனை என்றன. மேலைநாடுகள் கைவிட்ட கணக்கு நம் வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டது. பிள்ளைகளை முதலில் சலித்தெடுத்து அனுப்புகிற பொறுப்பு மட்டும் ஆசிரியருக்குத் தரப்பட்டது.

இங்கே ஃபூக்கோவை நினைத்துக்கொள்ளலாம். பரீட்சை என்பது மேலிருந்து கவனிப்பதையும், ‘இயல்பு’ எது என்று தீர்ப்பளிப்பதையும் ஒன்றாக்குகிற சடங்கு என்று 1975இல் எழுதினார் அவர். சான்றிதழ் அப்படிப்பட்ட பரீட்சையின் முடிவு. அதன் பயன் என்ன? அரசுத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழித்தாளிலிருந்து விலக்கு. இவை தேவைப்படும் பிள்ளைகளுக்கு இவை கிடைத்தே ஆக வேண்டும். ஆனால் கவனியுங்கள்: எல்லாமே பரீட்சை நாளுக்கான சலுகைகள். வாசிக்கக் கற்றுக்கொடு என்ற உரிமைக்குப் பதிலாக, வாசிக்காமலே கடந்துபோக ஒரு வழி. கற்பித்தல் இல்லாத இடத்தில் சலுகை மட்டும் இருந்தால் அது பிள்ளையைக் கைவிடுவதன் நாகரிகமான வடிவம்.

4

ஆசிரியருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்? இந்தக் கேள்விக்கு நம்மூரில் கிடைக்கும் கையேடுகள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தை மனதில் வைத்து எழுதப்பட்டவை. ‘பி’யையும் ‘டி’யையும் மாற்றி எழுதுவான், எழுத்துகளைத் தலைகீழாகப் போடுவான் என்று அடையாளம் சொல்வார்கள். தமிழ்வழிப் பள்ளி ஆசிரியர் இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஒரு மொழியின் எழுத்துமுறை எப்படியோ, வாசிப்புச் சிக்கல் வெளிப்படும் விதமும் அப்படியே. இத்தாலி, பிரான்சு, இங்கிலாந்து மூன்று நாட்டு டிஸ்லெக்ஸியா உள்ளவர்களை ஒப்பிட்ட 2001ஆம் வருட ஆய்வில் மூளைச் செயல்பாட்டில் ஒரே மாதிரியான வேறுபாடு தெரிந்தது. ஆனால் எழுத்தும் ஒலியும் ஒழுங்காகப் பொருந்துகிற இத்தாலியத்தில் வாசிப்பவர்கள் மற்ற இருவரையும்விடப் பிழை குறைவாகச் செய்தார்கள். ஜெர்மன் மொழிப் பிள்ளைகளைப் பற்றிய ஆய்வுகளும் இதையே சொல்கின்றன: சரியாக வாசிப்பார்கள், ஆனால் மிக மெதுவாக.

தமிழ் எழுத்து இந்த இரண்டிலிருந்தும் வேறுபட்டது. ‘கி’ என்பது ஒரே வடிவம், உள்ளே இரண்டு ஒலிகள். கன்னடப் பிள்ளைகள் எழுத்தறிவதைப் பற்றி 2007இல் சோனாலி நாக் வெளியிட்ட ஆய்வு, இப்படிப்பட்ட உயிர்மெய் வரிசைகள் முழுவதும் கைவர நான்காம் வகுப்பு வரைகூட ஆகிறது என்றும், தனி ஒலிகளைப் பிரித்தறியும் திறன் மெதுவாகத்தான் வளர்கிறது என்றும் காட்டியது. இரண்டாம் வகுப்பிலேயே தீர்ப்பு எழுதுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

தமிழ் எழுத்தில் பிள்ளை தடுக்கும் இடங்கள் எவை? முதலாவது, வரிசை. ‘கெ’யில் கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு, வாய் முதலில் சொல்வது ‘க்’. ‘கொ’வில் குறி இரண்டு பக்கமும் நிற்கிறது. இடமிருந்து வலமாக வாசி என்று சொல்லிவிட்டு, ஆனால் இதை மட்டும் பின்னாலிருந்து சொல்லு என்கிறோம். இரண்டாவது, உகர ஊகார வரிசை. கு, சு, து, பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு மாதிரி. 1978இன் எழுத்துச் சீர்திருத்தம் றா, னா, ணை, லை போன்றவற்றை ஒழுங்குபடுத்தியது; இந்த வரிசையைத் தொடவில்லை. மூன்றாவது, ஓர் எழுத்துக்குப் பல ஒலிகள். பக்கம், தங்கம், பகல் மூன்றிலும் ‘க’ இருக்கிறது. மூன்றும் ஒரே மாதிரியா ஒலிக்கிறது? இடத்தைப் பொறுத்து மாறும் என்ற விதி நமக்குப் பழகிப்போய்விட்டதால் அப்படி ஒரு விதி இருப்பதே தெரிவதில்லை. நான்காவது, பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள தூரம். ‘இருக்கு’ என்று வளர்ந்த பிள்ளை ‘இருக்கிறது’ என்று வாசிக்க வேண்டும்.

இப்போது ‘வாழைப்பழம்’ என்ற சொல்லை மூன்று பிள்ளைகளிடம் கொடுப்போம்.

முதல் பிள்ளை சடாரென்று ‘வாளப்பளம்’ என்கிறாள். தென்மாவட்டத்துக்காரி. சென்னைப் பிள்ளையாக இருந்தால் ‘வாயப்பயம்’ என்பாள். எழுதச் சொன்னால் காதில் விழுகிறபடியே எழுதுவாள். இவளுக்கு வாசிப்பில் சிக்கலே இல்லை, இது வட்டாரப் பேச்சு. சிக்கல் இவள் நோட்டில் சிவப்பு மையால் கோடு கிழிக்கிறவரிடம் இருக்கிறது. இரண்டாவது பிள்ளை ‘வா’ என்று ஆரம்பித்து ‘ழை’யில் நின்றுவிடுகிறான். ஐகார வரிசை நடந்தபோது அப்பா அம்மாவோடு செங்கல் சூளைக்குப் போயிருந்தான். யாரும் திரும்பச் சொல்லித்தரவில்லை. சில வாரம் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தால் சரியாகிவிடும். மூன்றாவது பிள்ளைக்கு ஒவ்வொரு எழுத்தும் தெரியும். வா... ழை... ப்... ப... ழ... ம் என்று எழுத்துக்கூட்டுகிறாள். முடிக்கும்போது முதல் எழுத்து மறந்துபோயிருக்கிறது. இரண்டு வரி தள்ளி அதே சொல் வந்தால் மறுபடியும் முதலிலிருந்து. மாதக்கணக்கில் நல்லபடியாகச் சொல்லிக்கொடுத்த பிறகும் இது மாறவில்லை. அதே கதையை நாம் வாசித்துக் காட்டினால் அட்சரம் பிசகாமல் திருப்பிச் சொல்கிறாள். டிஸ்லெக்ஸியாவாக இருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டியது இவளைத்தான்.

மூவரையும் ஒரே மூட்டையில் கட்டி ‘மெல்லக் கற்போர்’ என்று பெயர் வைப்பதுதான் பள்ளிகளின் வழக்கம். ஒருமணி நேரம் சோதனை செய்யும் உளவியலாளரைவிடத் தினமும் பார்க்கும் ஆசிரியரால் இவர்களைப் பிரித்தறிய முடியும். ஆனால் அதற்கு ஒரு கண் வேண்டும், ஒரு காது வேண்டும். அவற்றைத் தருவதற்குப் பேர்தான் பயிற்சி.

வேடிக்கை என்னவென்றால் இந்தக் காதுக்கான அடிப்படை நம் மரபிலேயே இருக்கிறது. தொல்காப்பிய எழுத்ததிகாரத்தில் பிறப்பியல் என்ற இயல் நாக்கும் உதடும் எங்கே தொட்டால் எந்த ஒலி பிறக்கிறது என்று விளக்குகிறது. உயிர், மெய், உயிர்மெய் என்ற பெயர்களே ஒலியைப் பிரித்துப் பார்த்ததன் விளைவு. தமிழாசிரியர்கள் எல்லோரும் பிறப்பியலைப் பரீட்சைக்காகப் படித்தவர்கள்தான். ஆனால் ‘ல’வும் ‘ள’வும் பிடிபடாத ஒரு பிள்ளையின் நாக்கு எங்கே இருக்கிறது என்று பார்க்க அது பயன்படும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. இலக்கணம் பண்டித அடையாளமாக நின்றுபோனது, கைக்கருவியாக மாறவில்லை.

5

பயிற்சி என்ற பேரில் என்ன நடக்கிறது? 2014இல் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் வகுத்த இரண்டாண்டு பி.எட். பாடத்திட்டத்தில் எல்லோரையும் உள்ளடக்கும் பள்ளியை உருவாக்குவது பற்றி ஒரு தாள் உண்டு. அதுவும் அரைத் தாள். அந்த அரைத் தாளுக்குள் பார்வை, செவித்திறன், அறிவுத்திறன், உடல், கற்றல் என்று எல்லாக் குறைபாடுகளும் அடங்க வேண்டும். பணியில் இருப்பவர்களுக்கு வட்டார வள மையத்தில் ஓரிரு நாள் கூட்டம் நடக்கும். கருத்தாளர் படம் போட்டுக் காட்டுவார். வரையறை, வகைகள், அறிகுறிகள், அப்புறம் சாப்பாடு. திரும்பி வரும் ஆசிரியரிடம் ஒரு புதுச் சொல் இருக்கும். நேற்றுவரை ‘மக்கு’ என்றவர் இன்றைக்கு ‘எல்.டி. கேஸ்’ என்பார். இப்படியொரு பயிற்சி நடக்காமல் இருப்பதே மேல் என்று சிலசமயம் தோன்றுகிறது.

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். அனுபவமுள்ள ஆசிரியர்களில் பலருக்கே பேச்சொலிகள் எழுத்தோடு எப்படிப் பொருந்துகின்றன என்பதில் போதிய தெளிவு இல்லை என்று 1994இல் அமெரிக்காவில் லூயிசா மோட்ஸ் எடுத்துக்காட்டினார். ஆசிரியரைக் குற்றம் சொல்ல அல்ல, அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை என்று சொல்வதற்காக. சரளமாக வாசிக்கிறவருக்கு வாசிப்பு என்பது கண்ணுக்குத் தெரியாத வேலை. அந்த வேலையைப் பிரித்துப் பார்க்க அவர் மறுபடியும் கற்க வேண்டும்.

உண்மையான பயிற்சி எப்படி இருக்கும்? ஓர் உதாரணம். ப, ட, ம மூன்று எழுத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். படம், மடம், பட்டம், மட்டம் என்று நான்கு சொல் உடனே கிடைக்கிறது. எழுத்தைக் காட்டுவதற்கு முன்னால் ‘படம்’ என்று சொல்லிக் கைதட்டச் சொல்ல வேண்டும். பிறகு முதல் ஒலி எது, கடைசி ஒலி எது என்று பிரிக்கச் சொல்ல வேண்டும். ‘படம்’ என்பதில் ‘ட’ மெத்தென்று இருக்கிறது, ‘பட்டம்’ என்பதில் அழுத்தமாக இருக்கிறது. கேட்கிறதா? ஏன்? இடத்தைப் பொறுத்து ஒலி மாறும் என்ற விதியைப் பிள்ளை தன் காதாலேயே கண்டுபிடிக்கிறது. பிறகு ஒலியைச் சொல்லிக்கொண்டே எழுத்தை மணலில் விரலால் எழுதுவது. பிறகு சொல்லை வாசிப்பது, சொல்லை எழுதுவது, அந்த மூன்று எழுத்தைத் தாண்டாத சொற்றொடரை வாசிப்பது. நேற்று கற்றதை இன்று மறுபடி பார்ப்பது. ஒரு படி உறுதியானால்தான் அடுத்த படி. ‘கெ’, ‘கொ’ போன்ற தடுக்கும் இடங்கள் வருமுன் ஆசிரியருக்கு அவை வரப்போவது தெரிந்திருக்கும்.

மணலில் எழுதுவதா, இது நம்ம திண்ணைப் பள்ளிக்கூடம்தானே என்று கேட்கலாம். ஆமாம். விரலும் வாயும் காதும் சேர்ந்து கற்றது அங்கே இருந்தது. பிரம்பும் இருந்தது, யார் திண்ணையில் யார் ஏறலாம் என்ற சாதியும் இருந்தது. மரபு என்று கொண்டாடுவதற்காக இதைச் சொல்லவில்லை. மணலை எடுத்துக்கொண்டு பிரம்பையும் திண்ணையின் படியையும் விட்டுவிட முடியும் என்பதற்காகச் சொல்கிறோம்.

இதையெல்லாம் உரையில் கேட்டுக் கற்றுக்கொள்ள முடியாது. ஆர்ட்டன் - கில்லிங்ஹாம் முறையில் பயிற்சி பெறுகிறவர் வகுப்பில் கற்றதோடு, ஒரு கல்வியாண்டு காலம், குறைந்தது 100 மணி நேரம் பிள்ளைகளோடு வேலைசெய்ய வேண்டும். அனுபவமுள்ளவர் அருகிலிருந்து கவனித்துச் சொல்வார். தச்சு வேலை கற்கிறவன் ஆசாரியோடு இருந்து கற்பது மாதிரி. ஒரே பிள்ளையோடு பல மாதம் உட்கார்ந்து, எங்கே தடுக்கினாள், ஏன் தடுக்கினாள், நாளைக்கு என்ன மாற்றுவது என்று தினமும் எழுதிவைக்கும் பயிற்சி நம் ஆசிரியர் கல்வியில் எங்கே?

6

பயிற்சி பெற்றவர் நிலைமை என்ன? ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின்கீழ் தமிழ்நாட்டில் வேலைசெய்யும் சிறப்புப் பயிற்றுநர்கள் தொகுப்பூதியத்தில் காலம் தள்ளுகிறவர்கள். ஒரே ஆள் பல பள்ளிகளுக்குப் போக வேண்டும், வீட்டிலேயே இருக்கும் பிள்ளைகளையும் பார்க்க வேண்டும். செவித்திறன் குறைபாட்டுக்குப் படித்தவர் எல்லாக் குறைபாட்டுக்கும் பதில் சொல்ல வேண்டும். வெளியே தெரிகிற குறைபாடுகளுக்கே நேரம் போதாத இடத்தில், கண்ணுக்குத் தெரியாத வாசிப்புச் சிக்கல் கடைசி வரிசைக்குத்தான் போகும்.

ரஜனீஷ் குமார் பாண்டே வழக்கில் 2021 அக்டோபரில் உச்சநீதிமன்றம் தொடக்கப் பள்ளிகளில் 10 சிறப்புத் தேவையுள்ள மாணவருக்கு ஒருவர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்று சிறப்பாசிரியர் விகிதத்தை வைத்தது. 2025 மார்ச்சில் மறுபடியும் தலையிட்டு, பணியிடங்களை ஒப்பளித்து அறிவியுங்கள் என்று மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. ஏறக்குறைய மூன்றரை ஆண்டு இடைவெளியில் ஒரே விஷயத்தை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது என்பதே நிலைமையைச் சொல்கிறது. நாளைக்கு வேலை இருக்குமா என்று தெரியாதவரிடம், ஒரு பிள்ளையோடு பொறுமையாக ஒரு வருடம் உட்கார் என்று சொல்ல யாருக்கு முகம் இருக்கிறது?

7

நம் நண்பர்களிடமிருந்து வரக்கூடிய ஒரு கேள்வியையும் பார்த்துவிடலாம். டிஸ்லெக்ஸியா என்பதே ஒரு கட்டமைப்புதானே? எழுத்தை மையமாக்கிய சமூகம் தனக்கு ஒத்துவராதவர்களை நோயாளியாக்குகிறது, இதில் ஏன் நாம் பங்கேற்க வேண்டும்? வாய்மொழி மரபில் இவர்கள் கதைசொல்லியாக, பாடகராக இருந்திருப்பார்களே?

இருந்திருக்கலாம். கோடு எங்கே போடப்படுகிறது என்பது சமூகம் முடிவு செய்வது என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. டிஸ்லெக்ஸியா என்ற தனிவகையைப் பிற வாசிப்புச் சிக்கல்களிலிருந்து பிரிப்பதில் பயனுண்டா என்று 2014இல் ஜோ எலியட்டும் எலினா கிரிகொரென்கோவும் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார்கள். ஆனால் அவர்கள்கூட வாசிப்புச் சிக்கல் பொய் என்று சொல்லவில்லை. பெயருக்காகக் காத்திராமல் தவிக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் உதவுங்கள் என்றுதான் சொல்கிறார்கள். ரேஷன் கார்டிலிருந்து வழக்கு மன்றம் வரை எழுத்தால் ஆளப்படும் நாட்டில், எழுத்து மறுக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளையிடம் ‘உனக்கு எழுத்து எதுக்கு, நீ வாய்மொழிக்காரன்’ என்று சொல்வது எழுதத் தெரிந்தவர்களின் ரொமான்டிசிசம். பெயரைச் சந்தேகிக்கலாம். கற்பித்தலைத் தள்ளிப்போடக்கூடாது.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை தெளிவானவை. தொடக்கக் கல்விப் பட்டயத்திலும் பி.எட்.டிலும் வாசிப்பைக் கற்பிப்பதற்கென்று முழுத் தாள் ஒன்று, கூடவே பிள்ளைகளோடு செய்யும் நீண்ட செய்முறை. தமிழ் எழுத்தின் இயல்பிலிருந்து உருவாக்கப்பட்ட பயிற்சிக் கையேடுகள். 2015இல் தேசிய மூளை ஆராய்ச்சி மையம் வெளியிட்ட டாலி சோதனை முதலில் இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலத்தில் வந்தது. தமிழுக்கான சோதனைகள் நகரத்துப் பிள்ளைகளை மட்டும் வைத்துத் தரப்படுத்தப்படாமல், சேரியிலும் மலையிலும் கடற்கரையிலும் பேசும் தமிழைக் கேட்டு உருவாக வேண்டும். சான்றிதழ் வரும்வரை கற்பித்தல் காத்திருக்கக்கூடாது. சிறப்புப் பயிற்றுநர்களுக்கு நிரந்தரப் பணி வேண்டும்.

எழுதுகிறவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. பதின்மூன்று வயதில் மெல்ல மெல்ல வாசிக்கத் தொடங்கும் ஒருத்திக்கு அணில், ஆடு, இலை, ஈ என்று நீட்டினால் அவள் புத்தகத்தை மூடிவிடுவாள். அவள் வயதுக்கான கதை, அவள் பேசும் தமிழில், சின்னச் சொற்களில், பெரிய எழுத்தில் வேண்டும். அதை எழுதுவது எளிதல்ல. வடிவச் சோதனை என்று நாம் கொண்டாடும் பலவற்றைவிடக் கடினம். வட்டார வழக்குக்காக இலக்கியத்தில் பெரிய சண்டைகள் போட்டிருக்கிறோம். ஆனால் வகுப்பறையில் ‘வாளப்பளம்’ இன்னும் சிவப்பு மைக்குத் தப்பவில்லை. பக்கத்திலிருக்கும் தொடக்கப்பள்ளிக்கு ஒருநாள் போய், மூன்றாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் யார் இருக்கிறார்கள், அவர்களுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்கப் பயிற்சி பெற்ற ஒருவர் அங்கே இருக்கிறாரா என்று கேட்பதிலிருந்து இதைத் தொடங்கலாம்.